கிரேவியைத் திருப்பி அனுப்புவது பற்றி அண்ணனுக்கு

அன்புள்ள வெர்லின் அண்ணனுக்கு, ஓக்லஹோமாவிலிருந்து உன் தங்கை ட்வைலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் குதிரை கிரேவியும் சுகம். உன் மாப்பிள்ளை டெல்மரும் சுகமாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரிசோனா வெயிலில் உன் புது முழங்கால்கள் இரண்டும் நலமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நன்றி நவிலும் நாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே எல்லார் முன்னாலும் நீ போட்ட நிபந்தனை நினைவிருக்கும். "கிரேவி உங்கிட்ட இருக்கட்டும். ஆனா அடுத்த சீசன் முடியறதுக்குள்ள ரெய்னிங்ல ஒரே ஒரு மதிப்பெண் வாங்கிக் காட்டணும். எவ்வளவுன்னாலும் சரி, பூஜ்யமா இருக்கக் கூடாது. இல்லேன்னா வந்து ஓட்டிட்டுப் போயி, ஒழுங்கா சவாரி பண்ற பொண்ணு ஒருத்தி இங்க இருக்கா, அவளுக்குக் குடுத்துருவேன்." வாய் நிறையப் பூசணிக்காய் இனிப்பை வைத்துக்கொண்டு நானும் தலையாட்டிவிட்டேன். குதிரையைச் சொன்ன வரிசையில் சுழற்றி, ஓட்டி, சறுக்கி நிறுத்திக் காட்டுகிற இந்த ரெய்னிங்கைப் போல இரக்கமுள்ள விளையாட்டு உலகத்தில் இல்லை, அண்ணா. அரங்கத்துக்குள் நுழைகிற எந்தக் கத்துக்குட்டிக்கும் எழுபது மதிப்பெண்ணைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூட்டவோ குறைக்கவோ ஆரம்பிக்கிறார்கள். அதில் போய்ப் பூஜ்யம் வாங்குவதற்குத் தனித் திறமை வேண்டும். அது எனக்கு வஞ்சனையில்லாமல் வாய்த்திருக்கிறது.

வசந்தத்தில் வாங்கிய பூஜ்யம் உனக்குத் தெரியும். கடிவாள வாரை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரிந்த விதி. ஆனால் பத்து வருடம் தேவாலய வேன் ஓட்டிய கைக்கு அது தெரியவில்லை. கிரேவி சுழலத் தொடங்கியதும் இடது கை தானாக எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போய்விட்டது. ஜூன் மாதப் போட்டிக்கு வரிசை மாறாமல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, சமையலறையில் கரண்டியோடு ஓடி ஓடிப் பழகி, ஒரு பிசகும் இல்லாமல் செய்து முடித்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். அது முந்தைய போட்டியின் வரிசையாம். நடுவர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்ட விதம் இருக்கிறதே, இறந்தவர் வீட்டில்தான் அப்படித் தொடுவார்கள்.

ஆக, போன ஞாயிறு ஆர்ட்மோரில் நடந்ததுதான் கடைசி வாய்ப்பு. இதில் டெல்மர் எப்படி வந்து மாட்டினார் என்று கேள். மற்றக் குதிரைப் போட்டிகளில் பார்வையாளர்கள் தும்மக்கூடப் பயப்படுவார்கள். எங்கள் ரெய்னிங்கில் கத்தாமல் உட்கார்ந்திருந்தால்தான் அவமரியாதை. குதிரை வேகமெடுத்தால் ஊளையிட வேண்டும், விசிலடிக்க வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் கத்த ஆள் இருந்தது. எனக்கு வாய்த்தவரோ தபால்காரராக இருந்த காலத்தில் நாய் கடித்தபோதுகூட "மன்னிக்கணும்" என்று சொன்ன மனிதர். பக்கத்துக் கொட்டில் லவோண்டாதான் அவரைப் போகும் வழியெல்லாம் வண்டியில் உட்காரவைத்துப் பழக்கினாள். "இன்னும் வயித்துலேருந்து கத்துங்க டெல்மர். வீட்டுல பொண்டாட்டிகிட்ட கத்தணும்னு தோணி கத்தாம விட்டீங்கல்ல, அது எல்லாத்தையும் மொத்தமா எடுத்து விடுங்க!" அதற்கப்புறம் அவர் கத்திய கத்தலில் வழியில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. இவ்வளவு சேர்த்து வைத்திருந்தாரா மனுஷன் என்று எனக்கே கொஞ்சம் கவலையாகிவிட்டது.

என் முறை வந்தது. வலப்பக்கச் சுழல் நன்றாக வந்தது, இடப்பக்கமும் நன்றாக வந்தது, ஒரே கையில் வார், தலைக்குள் சரியான வரிசை. கிரேவியை விட்டேன் பார், பெரிய வேக வட்டத்தில் உன் குதிரை வெண்ணெய் தடவிய இடி போலப் போனது! டெல்மர் ஒரு ஊளை விட்டார், கூட்டமே கூடச் சேர்ந்துகொண்டது. என் ஐம்பத்து மூன்று வயதில் அவ்வளவு அழகாக நான் இருந்ததில்லை. அந்த நேரம் பார்த்து என் தொப்பி பறந்தது. தொப்பி போனால் ஒன்றுமில்லை, மதிப்பெண் குறையாது. ஆனால் டெல்மர் அதைத் தொப்பி என்று நினைக்கவில்லை, பின்னாலேயே நானும் பறக்கப் போகிறேன் என்று நினைத்தார். புதிதாகக் கிடைத்த குரல் முழுவதையும் திரட்டி எழுந்து நின்று, "வோ! கிரேவி, வோ!" என்றார்.

'நில்' என்பதற்கு உன் குதிரைக்கு நீ சொல்லிக்கொடுத்த ஒரே வேதம் அந்த 'வோ'தானே, அண்ணா. யார் சொன்னால் என்ன, எங்கே சொன்னால் என்ன? பின்னங்காலில் உட்கார்ந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு சறுக்கல் சறுக்கியது. நான் அதன் காதுகளுக்கு நடுவே போய் முகம் மோதினேன், ஆனால் விழவில்லை. வட்டத்துக்கு நடுவில் கேட்காத இடத்தில் நின்றுவிட்டால் அது வரிசையில் இல்லாத வேலை. பூஜ்யம். லவோண்டா வேலியைத் தாண்டி ஓடி வந்து, "ஏண்டி, இந்த வருஷத்துலயே இதுதான்டி அழகான சறுக்கல்! தப்பான எடத்துல சறுக்கினா என்ன, அழகு அழகுதானே!" என்றாள்.

குதிரையை ஏற்றிவந்த டிரெய்லர் பக்கத்தில் வைத்து டெல்மரைக் கேட்டேன்.

"எதுக்குங்க கத்துனீங்க?"

"நீ விழுந்துருவியோன்னு பயந்துட்டேன்."

"விழுந்திருந்தாலும் பூஜ்யம்தான். ஆனா அது என்னோட பூஜ்யமா இருந்திருக்கும்ல!"

"முப்பது வருஷமா வாயத் தெறக்கலைன்னு திட்டின. இன்னைக்குத்தான் தெறந்தேன்" என்றார். அப்புறம் மூடிக்கொண்டார். அதுதான் இன்றுவரை.

சொன்ன சொல் சொல்தான். சனிக்கிழமை டிரெய்லரைக் கொண்டுவா. எனக்கும் நிம்மதி. விடியலில் எழ வேண்டாம், சாணி அள்ள வேண்டாம், எல்லாப் பெண்களையும் போல நானும் குயில்ட் போர்வை தைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நீ குதிரையைக் கொடுக்கப் போகிற அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லிவிடு: வைக்கோலைத் தண்ணீரில் நனைத்துக் கொடுக்காவிட்டால் கிரேவி இருமுவான். மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்தால் வெலவெலத்துப் போவான். தாழ்ப்பாளை உதட்டால் திறந்து வெளியே வருவான், ஆனால் எங்கும் போகமாட்டான், சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பான், அவ்வளவுதான். அப்போது யாராவது அவனிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். நீ இதையெல்லாம் மறந்துவிடுவாய். அவளுடைய சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதென்றாவது கேட்டு எழுது.

அண்ணிக்கு என் அன்பு. கர்த்தர் உன் வலது முழங்காலையும் இடது முழங்காலையும் பாரபட்சமில்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தங்கை
ட்வைலா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் கொட்டில் பக்கம் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். டெல்மர் கிரேவியின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "உம்மேல ஒரு தப்பும் இல்லடா தம்பி, அவமேலயும் இல்ல, எல்லாம் என்னாலதான்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்தாயா! குற்றவாளியே ஒப்புக்கொண்டாயிற்று. குதிரையும் தவறவில்லை, நானும் தவறவில்லை என்றால் இந்தப் பூஜ்யம் எங்கள் கணக்கில் எப்படிச் சேரும்? ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது. வேறு கடிதம் எழுத இனிக் கையில் தெம்பில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். சீசன் முடிய இன்னும் ஒரு போட்டி மிச்சமிருக்கிறதாம், லவோண்டா இப்போதுதான் சொன்னாள், பெயரும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் சனிக்கிழமை நீ டிரெய்லரோடு தாராளமாக வா. இவ்வளவு தூரம் வருகிறவனை வெறுங்கையோடு அனுப்பமாட்டேன், டெல்மரை ஏற்றி அனுப்புகிறேன். போட்டிக்கு முதல் நாள் மட்டும் மறக்காமல் அவரைத் திருப்பி அனுப்பிவிடு. எங்கள் டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்க எனக்குத் தெரியாது.