இரண்டு கிலோவுக்குக் குறையாத கணினி

மணிமொழிக்குப் பெரம்பலூர் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் சிவில் பிரிவில் இடம் கிடைத்தது. மறு வாரமே சுற்றறிக்கை வந்தது. முதலாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் சொந்தமாக லேப்டாப் வாங்கி, அதனை மடிக்கணினித் தகுதி உறுதிக் குழுவின் முன் ஆஜர்படுத்தி முத்திரை பெறுதல் வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் ஆய்வகம் இல்லை. ஆய்வகம் இல்லாவிட்டால் பரீட்சையும் இல்லை.

அவள் அப்பா தங்கராசு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றுபவர். ஊரே அவருக்கு யோசனை சொன்னது.

"கீபோர்டுல செவப்பு லைட்டு எரியணும் மச்சான். லைட்டு எரியாததுல என்னத்தப் படிக்கிறது?" என்றார் மச்சினர் பூவரசன். அவர் கடைசியாகக் கம்ப்யூட்டரைத் தொட்டது ரேஷன் கார்டில் பேர் சேர்க்கப் போனபோது. அதுவும் மவுஸை மட்டும்.

மணிமொழி மூன்றாம் ஆண்டு படிக்கும் கவியாவிடம் போய்க் கேட்டாள்.

"லைட்டெல்லாம் வேணாம்டி. பதினாறு ஜிபி ரேம், சுமாரா ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தா கட்டட வரைபடம் போடப் போதும். பஸ்ல தூக்கிக்கிட்டு நிக்கப்போறது நீதான், வெயிட் கம்மியா பாரு."

அப்படியே வாங்கினார்கள். ஒன்றரைக் கிலோதான் இருந்தது.

குழுவின் மேசைமேல் ஒரு எலக்ட்ரானிக் தராசு இருந்தது. கேன்டீனிலிருந்து வந்தது, ஓரத்தில் தேங்காய்ச் சட்னி காய்ந்திருந்தது. குழுத் தலைவர் நடராசன் லேப்டாப்பைத் திறக்கவேயில்லை. நிறுத்துப் பார்த்தார்.

"ஒண்ணரை. தகுதியில்லை."

"வெயிட் கம்மின்னா நல்லதுதானுங்களே சார்?" என்றார் கூட வந்திருந்த தங்கராசு.

"விதி ஏழு. எடை இரண்டு கிலோவுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்."

தங்கராசு விதித் தாளை வாங்கிப் படித்தார். "மிகாமல்னு இருக்கணும்ங்களே. டைப் அடிச்சதுல மாறிருக்கும்."

பக்கத்தில் இருந்த கிளார்க் லீலாவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாறினதுதாங்க. நான்தான் அடிச்சேன். பிரின்சிபால் கையெழுத்துப் போட்டுட்டாருங்களே."

"கையெழுத்துப் போட்டபிறகு அது பிழையில்லை, கொள்கை" என்றார் நடராசன்.

"சார்ஜரையும் சேர்த்து நிறுங்க சார்" என்றாள் மணிமொழி.

"அது துணைக்கருவி. பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பது மட்டுமே கணினி."

மறுநாள் மணிமொழி தன் வாழ்க்கையின் முதல் பொறியியல் வேலையைச் செய்தாள். பலகைபோல் ஒரு சுண்ணாம்புக் கல்லைத் தேடியெடுத்து, காற்றுத் துளைகளை மறைக்காமல் லேப்டாப்பின் அடியில் பசைபோட்டு ஒட்டினாள். தங்கராசு அதைப் பார்க்க மாட்டாமல் வீட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

தராசு இரண்டு கிலோ முப்பது கிராம் காட்டியது. கல்லைக் கணினியின் பாகமாகக் கொள்ளலாமா என்று குழு அரைமணி நேரம் விவாதித்தது.

"வன்பொருள்னுதானே சார் சொல்றோம்?" என்றார் லீலாவதி. "கல்லைவிட வன்மையான பொருள் ஏது?"

முத்திரை விழுந்தது.

அந்த வாரமே மற்ற பிள்ளைகளும் கல் ஒட்டினார்கள். அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டு அருகே பாலிஷ் போட்ட கல் விற்பனைக்கு வந்தது. "எம் பையனோடது மூணு கிலோ" என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டார்கள். மூன்று கிலோக்காரன் நன்றாகப் படிப்பதாகவும் ஒரு பேச்சு.

மறு ஆண்டு பிரின்சிபால் ஒருவழியாக விதித் தாளைப் படித்துவிட்டார். 'குறையாமல்' என்பதை அடித்து 'மிகாமல்' என்று திருத்தினார். மறுநாள் காலை கல்லூரி கேட்டுக்கு வெளியே இருநூறு பெற்றோர்.

"போன வருசத்துப் பிள்ளைங்களுக்குக் கல்லு, எங்க பிள்ளைங்களுக்குக் கிடையாதா?" என்று பரிமளா என்ற அம்மாள் முழங்கினார். "பேரே கல்லூரி! கல்லு இல்லாம என்ன படிப்பு?"

மணிமொழி ஓடிப்போய்க் கும்பிட்டாள். "கல்லால ஒண்ணும் ஆகாதுங்க. நான்தாங்க மொதல்ல ஒட்டினேன்."

"நீ பாஸாயிட்டேல்ல? பேசாத."

மதியத்துக்குள் பிரின்சிபால் இறங்கிவந்தார். 'மிகாமல்' மறுபடி 'குறையாமல்' ஆயிற்று. கேட்டு வாசலில் பட்டாசு வெடித்தது. புகை விலகியதும் பார்த்தால், தீப்பெட்டியோடு நின்றவர் தங்கராசு.

"என்னப்பா, நீங்களுமா?"

அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எல்லாரும் கேக்கறாங்கம்மா. நாம மட்டும் வேணாம்னா, நமக்குப் படிப்போட அருமை தெரியலேம்பாங்க."