சிங்கத்தைத் தேடியதில் மச்சானைக் காணோம்

திருப்பூரில் சகல சௌக்கியத்துடன் இருக்கும் மச்சான் காசிராஜன் அவர்களுக்கு, தங்கள் தங்கை செல்லக்கிளியின் கணவன் நல்லகண்ணு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் சுகம். தாங்களும் உயிரோடு சுகமாக இருப்பதாகத்தான் ஊரில் சொல்லி வருகிறோம், ஒருவரும் நம்பவில்லை. தங்கள் போன் அணைந்தே கிடப்பதால் இந்தக் கடிதம்.

நம்ம ஊர் ஜமீன் கச்சேரிக் கட்டடம், இப்போது ரேஷன் கடையாக இருக்கிறதே, அதன் படிக்கு ரெண்டு பக்கமும் இருந்த கல்லுச் சிங்கங்களை எவனோ பேர்த்துக்கொண்டு போய்விட்டான். கண்டுபிடித்தது நான்தான். வழக்கம்போல் பேப்பரை விரித்துச் சிங்கத்தின் மேல் சாய்ந்தேன், சிங்கம் இல்லை, மல்லாக்க விழுந்து இடுப்பு பிடிச்சுக்கிருச்சு. ஸ்டேஷனுக்குப் போனா, சிங்கத்தோட போட்டோ கேட்டாக. ஊரையே சலிச்சதுல அகப்பட்டது ஒண்ணே ஒண்ணு, உங்க கல்யாணத்தன்னைக்கு நீங்க சிங்கத்து மேல உக்காந்து எடுத்தது. எஸ்.ஐ. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சிங்கம் எங்கய்யா?"ன்னாரு. "மாப்பிள்ளைக்கு அடியில சார்"னேன். பட்டு வேட்டி மறைச்சது போக நாலு காலுதான் தெரிஞ்சுச்சு. அதோட விட்டாலும் பரவாயில்ல, செல்போன் கடை காளீஸ்வரன் அதை வாட்ஸப்புல போட்டு, மேல "காணவில்லை, கண்டவர்கள் தகவல் தரவும்"னு எழுதுனவரு, சிங்கம்னு எழுத மறந்துட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள மல்லாங்கிணறு பஸ் ஸ்டாண்டுல உங்களப் பாத்ததா ஒருத்தரு, காரியாபட்டியில தாடியோட பாத்ததா இன்னொருத்தரு. நம்ம யுவராணியப் பொண்ணு பாத்துட்டுப் போன பாலவனத்தத்துக்காரவுக வேற, "பொண்ணோட அப்பா மாப்பிள்ளைக் கோலத்துல ஓடிட்டாராமே"ன்னு ஆளனுப்பிக் கேக்குறாக. "ஓடல, உக்காந்துதான் இருக்காரு"ன்னேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. செல்லக்கிளி, "எங்கண்ணன் படத்த ஏன்யா குடுத்த"ன்னு கஞ்சி கூடக் குடிக்காமக் கெடக்கா. ஆகவே இதைக் கண்டதும் பஸ்ஸப் பிடிச்சு வந்து, ரேஷன் கடை வாசல்ல நின்னு எல்லாருக்கும் மூஞ்சியக் காட்டணும். சிங்கம் முழுசாத் தெரியற போட்டோ உங்க ஆல்பத்துல இருக்கும், அதையும் மறக்காமக் கொண்டாங்க.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். யுவராணி தீர்க்காயுசுடன் நல்ல இடத்தில் வாழ நம்ம கருப்பசாமி பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
இடுப்பில் எண்ணெயுடன்,
நல்லகண்ணு

பி.கு.: மச்சான், வர வேணாம். சிங்கம் கெடச்சிருச்சுன்னு போலீசு வண்டியில வந்து எறக்குனது ரெண்டு கல்லு யானை. எந்த ஊரு யானையோ தெரியல, ஆனா தந்தம் தும்பிக்கையோட அம்சமா இருக்கு. "நாலு காலு சரியா இருக்கா?"ன்னு எஸ்.ஐ. கேட்டாரு. ஊரே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு, "இதேதான் சார் எங்க சிங்கம்"னு கையெழுத்துப் போட்டுட்டோம். ரேஷன் கடைக்கு எதுத்த வீட்டு அழகுத்தாய் அக்கா வாழைப்பழம் வச்சுக் கும்பிட்டும் முடிச்சிருச்சு. பாலவனத்தத்துக்காரவுகளத் திருப்பூருக்கே வந்து உங்களப் பாக்கச் சொல்லிட்டேன். ஆல்பத்த மட்டும் அவுக கண்ணுல காட்டிராதீங்க. கேட்டா, யானை மேல உக்காந்து கல்யாணம் பண்ணுனேன்னு சொல்லுங்க, பொண்ணு வீட்டுக்கும் கௌரவமா இருக்கும்.