நாயில்லாத வீட்டு நாய்

"இனிமே இந்த வீட்டிலிருந்து ஒரு குண்டூசி களவு போகட்டும், நான் வாத்தியார் வேலையையே விட்டுடறேன்" என்று வாத்தியார் சபதம் போட்டபோது, அவர் மனைவி பாப்பாவின் கவுனில் குத்த ஒரு ஊக்கைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அப்படியே அந்த ஊக்கு எங்க இருக்குன்னும் சொல்லிடுங்க" என்றாள்.

"நான் எவ்வளவு பெரிய விஷயம் பேசிட்டிருக்கேன்."

"பெரிய விஷயத்தை நீங்க பாருங்க. பாப்பாவுக்கு முதுகு தெரியுது."

சபதத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் ஊரை விட்டு, நாட்டை விட்டு, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் அறிவியல் வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ஆசிரியர் குடியிருப்பு, மொத்தம் பன்னிரண்டு வீடு. போன ஞாயிற்றுக்கிழமை டிராயிங் மாஸ்டர் குடும்பத்தோடு கடைக்குப் போயிருந்த நேரத்தில் எவனோ அவர் வீட்டுக்குள் புகுந்து லேப்டாப், கேமரா, புதுச் செருப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். அலமாரியில் தொங்கிய கோட்டை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் போட்டுவிட்டுப் போயிருந்தான். டிராயிங் மாஸ்டருக்குப் போன பொருளைவிட அந்தக் கோட்டு வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாளே பள்ளிக்கூடத்தில் சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு ஆசிரியர்கள் தங்கள் பாஸ்போர்ட், சான்றிதழ், விலையுயர்ந்த பொருள்களைத் தாங்களேதான் காத்துக்கொள்ள வேண்டும், பள்ளி பொறுப்பேற்காது. கடைசி இரண்டு வார்த்தைக்கு வாத்தியார் சிவப்பு மையில் கோடு போட்டு, மனைவிக்கு மூன்று முறை படித்துக் காட்டினார்.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. வாசல் கதவுக்கு மூன்று பூட்டு. பாஸ்போர்ட்டுகள் பாலிதீன் பையில் சுருண்டு அரிசி டப்பாவுக்குள் போயின. சான்றிதழ்கள் மெத்தைக்கு அடியில் போய், அவர் புரளும்போதெல்லாம் சரசரத்தன. லேப்டாப்பை வாஷிங் மெஷினுக்குள் வைத்தார். செவ்வாய்க்கிழமை அது குளிக்காமல் தப்பித்தது பாப்பா செய்த புண்ணியம். தன் பொம்மையை உள்ளே போட எட்டிப் பார்த்தவள், "அம்மா, அப்பா கம்ப்யூட்டரையும் துவைக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

இத்தனையும் போக ஒரு கட்டளை. வெளியாள் ஒருவரும் வீட்டுக்குள் வரக்கூடாது.

"பக்கத்து வீட்டு பியானோ டீச்சர் டீ குடிக்க வரட்டுமான்னு கேட்டாங்க" என்றாள் மனைவி.

"என்ன நோக்கத்தோட கேட்டாங்க?"

"டீ குடிக்கிற நோக்கத்தோடதான்."

"வேண்டாம். உள்ள வந்தா எது எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோகும்."

"எனக்கே தெரியலை. அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

வாத்தியார் வாசல் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "உனக்கு விளையாட்டா இருக்கு. இங்க நாம யாருன்னு சொல்ல அந்த நாலு காகிதத்தை விட்டா வேற என்ன இருக்கு? அது போச்சுன்னா வேலை போச்சு. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்க போய் நிப்பேன்?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பயம் நியாயந்தாங்க. ஆனா எட்டு மாசமாச்சு, பக்கத்து வீட்ல நம்ம பேரு தெரியாது. நாம காணாமப் போனா காகிதம் வந்து தேடாதுங்க."

அது அவர் காதில் விழுந்தது. ஆனால் உள்ளே போகவில்லை. உள்ளே ஏற்கெனவே ஒரு நாய் உட்கார்ந்திருந்தது.

நாய் இருக்கிற வீட்டுப் பக்கம் திருடன் தலைவைத்துப் படுக்க மாட்டான். ஆனால் குடியிருப்பு விதிப்படி நாய், பூனை, கிளி எதுவும் வளர்க்கக்கூடாது. வளர்த்தால் ஏழு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் வாத்தியார் நாயில்லாமல் நாய் வளர்ப்பது என்று முடிவு செய்தார். பின்கட்டில் ஒரு இரும்புச் சங்கிலி. அதன் பக்கத்தில் பெரிய அலுமினியச் சட்டி, அதில் பாதித் தண்ணீர். கதவோரம் ஒரு பழைய செருப்பு. அதைக் கடித்த மாதிரி காட்ட இடுக்கியால் அரை மணி நேரம் பிய்த்தார்.

குரல்தான் பாக்கி. இந்த ஊர் நாய்களோ வளர்ப்பு அப்படி, எஜமானோடு நடந்து போகும், வரும், வாயே திறக்காது. போனை நீட்டிக்கொண்டு இரண்டு நாள் நாய்கள் பின்னால் அலைந்து பார்த்தார். கடைசியில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரே குரைத்துப் பதிவு செய்தார்.

மனைவி வெளியே நின்று கேட்டாள். "இது சளி பிடிச்ச நாய்ங்க."

இன்னொரு முறை குரைத்தார்.

"இது ஏதோ மன்னிப்புக் கேக்குது."

"பின்ன எப்படித்தான் குரைக்கிறது?"

"போன வாரம் நான் பூட்டுச் சாவியைத் தொலைச்சேன்ல, அப்ப என்கிட்ட பேசினீங்களே, அப்படி."

ஏழாவது தடவை சரியாக வந்தது. பாப்பா பயந்துபோய் அம்மா புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஆள் இல்லாதபோதெல்லாம் பின் ஜன்னலோரம் ஸ்பீக்கர் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குரைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். தபால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கடிதத்தை எறிய ஆரம்பித்தார். வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அப்படி எறியப்பட்ட கடிதங்களில் ஒன்றுதான் அடுத்த வாரம் புதன்கிழமை வந்தது. குடியிருப்பு சூப்பர்வைசர் அனுப்பியிருந்தார். உங்கள் வீட்டில் விதிக்குப் புறம்பாக நாய் வளர்ப்பதாகப் புகார். குரைப்புச் சத்தம் பலரும் கேட்டிருக்கிறார்கள். சங்கிலி, தண்ணீர்ச் சட்டி, கடித்த செருப்பு ஆகியவற்றின் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நேரில் வந்து விசாரிப்போம். உண்மையென்றால் ஏழு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

படம் தெளிவாக விழுந்திருந்தது. இடுக்கித் தடம் ஒவ்வொன்றும் பல் தடம் மாதிரியே இருந்தது.

"இதுல என்னங்க இருக்கு? நாயே இல்லைன்னு சொல்லிடுங்க."

"யாரு நம்புவா? இல்லைன்னு சொன்னா எங்கயோ ஒளிச்சு வச்சுட்டான்னுதான் நினைப்பாங்க. அவ்வளவு நல்லா பண்ணித் தொலைச்சிருக்கேன்."

"அப்ப குரைச்சது நான்தான்னு சொல்லிடுங்க."

வாத்தியாருக்கு வேர்த்தது. "ஒன்பதாம் வகுப்புல இப்ப ஒலி பாடம் நடக்குது. இது வெளிய தெரிஞ்சா பசங்க என்கிட்ட உதாரணம் கேப்பாங்க."

"சரி, நான் போய் சூப்பர்வைசர்கிட்ட பேசட்டுமா?"

"நீயா? முப்பது வார்த்தை இங்கிலீஷை வச்சுக்கிட்டா?"

"அதுல நாய் இருக்கு, இல்லை இருக்கு. போதாதா?"

"வேண்டாம். இதுல நீ தலையிடாதே."

"சரிங்க" என்றாள் அவள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். அந்தச் 'சரிங்க' எத்தனை வகைப்படும் என்பது வாத்தியாருக்கு இன்னும் பிடிபடவில்லை. இங்கிலீஷும் அப்படித்தான். அவருக்குப் பல்லாயிரம் வார்த்தை தெரியும், பேச யோசிப்பார். அவளுக்குத் தெரிந்தது முப்பது, மூச்சு விடாமல் பேசுவாள்.

வியாழனும் வெள்ளியும் வாத்தியார் விளக்கக் கடிதம் எழுதினார். முதல் கடிதத்தில் நாய் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. "இந்த நாட்டுல நமக்கு ஏதுங்க உறவு?" என்றாள் மனைவி. இரண்டாவது கடிதத்தில் நாய் செத்துப்போனது. "எங்க புதைச்சீங்கன்னு தோண்டச் சொன்னா?" என்றாள். மூன்றாவதில் அது நாயே அல்ல, தண்ணீர்க் குழாயின் சத்தம் என்று எழுதி, அவரே கிழித்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பாதிச் சாமானை அட்டைப் பெட்டியில் கட்டிவைத்தார். பாப்பா ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, "நாம ரயில்ல போறோமாப்பா?" என்று கேட்டபோது அவர் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டார். திருடனுக்குப் பயந்து, கடைசியில் தானே வீட்டைக் காலி பண்ணிக் கொடுக்கும்படி ஆகிவிட்டதே என்று வாய்விட்டுச் சொன்னார். அவள் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, "எல்லாம் சரியாப் போகும், குடிங்க" என்றாள்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் கேக் வாசனை வந்தது.

"இது எதுக்கு?"

"வர்றவங்க பெரியவங்க. வெறும் வாயோடயா அனுப்புறது?"

வாத்தியார் யோசித்தார். அதிகாரிகள் வாயில் கேக் இருந்தால் தீர்ப்பு கொஞ்சம் இனிப்பாக வரலாம். பரவாயில்லை, விவரமானவள்தான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

நான்கு மணிக்கு மணி அடித்தது. மூன்று பூட்டையும் திறக்க அவருக்கு மூன்று நிமிடம் ஆனது. கதவைத் திறந்தால் சூப்பர்வைசர். பின்னால் பிரின்சிபால் அம்மாள். அவருக்குப் பின்னால் பியானோ டீச்சர், அந்த நிராகரிக்கப்பட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு டிராயிங் மாஸ்டர், அவர் மனைவி, விளையாட்டு வாத்தியார், லைப்ரரி அம்மாள், இன்னும் யார் யாரோ. வாத்தியார் எண்ணினார். பதினோரு பேர். ஒரு நாய்க்கு இவ்வளவு பெரிய விசாரணைக் கமிஷனா என்று நினைத்தார். மீதிப் பேர் சாட்சிகளாக இருக்க வேண்டும்.

எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் விளையாட்டு வாத்தியார் சாமான் கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்தார். மனைவி டீ கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கடுகடுவென்று இருந்தார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது.

"எங்கே அந்த நாய்?" என்றார் சூப்பர்வைசர்.

"நாய் இல்லை சார்."

"நாங்கள் எல்லாரும் அதற்காகத்தான் வந்திருக்கிறோம்" என்றார் பிரின்சிபால், கேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு.

"சத்தியமாக இல்லை மேடம். சங்கிலி நான் வாங்கியது. செருப்பு நான் கடித்தது. அதாவது இடுக்கியால்."

"அப்படியானால் குரைத்தது?" என்றார் பியானோ டீச்சர்.

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அவள் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாவைப் பார்த்தார். பாப்பாவுக்கு அந்தக் கேள்வி மட்டும் புரிந்துவிட்டது போலிருக்கிறது. விரலை நீட்டி அப்பாவைக் காட்டினாள்.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். வாத்தியாருக்கு ஒன்பதாம் வகுப்பு கண்ணில் தெரிந்தது. அதற்குப் பின்னால் கட்டி வைத்த பெட்டிகளோடு, இருக்க இடமில்லாமல் மழையில் நிற்கிற பாப்பா தெரிந்தாள். மானமா வீடா என்று ஒரு நிமிஷம் தராசு ஆடியது. வீடு கனமாக இருந்தது. அவர் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். குரைத்தார்.

ஒரு முறை அல்ல. எடுத்த காரியத்தை அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷர். மூன்று சுற்று, நடுவில் உறுமலோடு, கடைசியில் அந்நியனைக் கண்டு பின்வாங்கிப் பாய்கிற மாதிரி ஒன்று.

கண்ணைத் திறந்தபோது பதினோரு பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிராயிங் மாஸ்டர் வந்து கட்டிப்பிடித்து, "நீங்கள் என் பக்கத்து வீடாக இருந்திருந்தால் என் கேமரா தப்பித்திருக்கும்" என்றார். சுருதி சுத்தமாக இருந்ததென்று பியானோ டீச்சர் சான்று கொடுத்தார்.

"அப்படியென்றால் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டாமா சார்?" என்றார் வாத்தியார், மூச்சு வாங்கியபடி.

சூப்பர்வைசர் விழித்தார். "வியாழக்கிழமையே அந்தப் புகாரை ரத்து செய்துவிட்டேனே. உங்கள் மனைவி அலுவலகத்துக்கு வந்து பதிவையே போட்டுக் காட்டினார். இன்று எங்களை டீக்கு அழைத்திருக்கிறார், அவ்வளவுதான்."

வாத்தியார் மெதுவாக உட்கார்ந்தார். ஆறு மணி வரைக்கும் யாரும் எழுந்து போகவில்லை. லைப்ரரி அம்மாள் பாப்பாவுக்குத் தலை பின்னிவிட்டார். வெளியூர் போகும்போது ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்துக்கொள்வது என்று டிராயிங் மாஸ்டரும் விளையாட்டு வாத்தியாரும் முறை போட்டு எழுதினார்கள். முதல் பெயர் வாத்தியாருடையது. அவர் தலையை ஆட்டி வைத்தார்.

எல்லாரும் போன பிறகு கழுவ வேண்டிய டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவர் அடுப்படிக்கு வந்தார்.

"அப்ப நான் குரைச்சிருக்கவே வேண்டாமா?"

"அதெப்படிங்க?" என்றாள் அவள், அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டே. "டீக்கு வாங்கன்னு கூப்பிட்டப்ப மூணு பேர்தான் வர்றேன்னாங்க. நீங்க குரைப்பீங்கன்னு சொன்ன பிறகுதான் பதினோரு பேர் ஆச்சு."