நிலாவெளிப் பக்கம் தள்ளினால்தான் பாய்வான்

திருகோணமலையில் வடக்கு எது என்று தெரியாமலே வளர்ந்து, கலியாணம் கட்டி, பேரப்பிள்ளையும் கண்டவர்கள் ஏராளம். வடக்கை ஒரு கணமும் மறக்க ஏலாமல் கிடந்து தவித்த ஒரே மனிதர் திசை நானாதான். நானா என்பது முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது; அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஒருநாள் கேட்டேன். "பேர் என்னத்துக்கு? குறிஞ்சாக்கேணிக்கு வந்து மேற்கால திரும்பி மூணாவது வீடு" என்றார். நானும் ஏதோ விளங்கியவன் மாதிரித் தலையாட்டினேன்.

மீன்பிடி வள்ளங்களுக்கு வயரிங் செய்வது அவருடைய தொழில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திசைகாட்டி இருக்கும். சாப்பாட்டுக் கடையில் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கதிரையை இழுப்பார். அவருக்கு உலகத்தில் நாலே நாலு பக்கம்தான். வடக்கென்றால் நிலாவெளி, தெற்கென்றால் மூதூர், கிழக்கென்றால் கடல், மேற்கென்றால் அநுராதபுரம். "தம்பி, சொதிய மூதூர்ப் பக்கம் வை" என்பார். பரிமாறும் பொடியன் சொதியோடு வாசல்வரை போய்த் திரும்பி வந்ததை நானே கண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு கேம் விளையாடுகிற ஸ்டிக் செய்யச் சொன்னது யாருடைய புத்தி என்று கேட்காதீர்கள். என்னுடையதுதான்.

காரணம் என் மனைவி மலர். சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளை. ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் வேலை. சேலை கட்டிக்கொண்டு கோப்புகளோடு நடக்கும்போது பார்த்தால், இந்தப் பெண் திரையில் ஆட்களை உதைத்து விழுத்துவதில் ஊருக்கே முதலாம் ஆள் என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டீர்கள். அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி சுதன், உள்துறைமுக வீதியில் கேம் கடை வைத்திருக்கிறான். ஞாயிறு காலையில் நாங்கள் அங்கேதான் நிற்போம்.

அங்கே அவள் அடிபடுவது கனடாவில் இருக்கும் சொந்த அண்ணனோடு. அப்பாவின் செத்தவீட்டுக்கு அண்ணன் வரவில்லை. விசாச் சிக்கல் என்று அவர் சொன்னார். மனச் சிக்கல் என்று இவள் சொன்னாள். அன்றோடு இருவருக்குள்ளும் பேச்சு நின்றுபோனது. ஆனால் ஞாயிறு தவறாமல் அவர் அங்கிருந்து விளையாட அழைப்பார், இவள் இங்கிருந்து ஏற்பாள். மைக் இரண்டு பக்கமும் பூட்டு. ஒரு மணித்தியாலம் ஒருவரை ஒருவர் அடித்து நொறுக்கிவிட்டு, ஒரு சொல்லும் இல்லாமல் எழும்பிப் போவார்கள். இது என்ன பாசம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அது நின்றால் அண்ணன் தங்கை என்ற கதையும் அதோடு முடிந்துவிடும் என்பது மட்டும் விளங்கியது.

அது நின்றது. மலரின் வலது கைப் பெருவிரலில் நரம்பு பிசகிவிட்டது. கன்ட்ரோலரைத் தொடவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஞாயிறுகளில் அண்ணனின் அழைப்பு திரையில் மினுங்கி மினுங்கி அணைந்தது. "கை ஏலாது எண்டு ஒரு வரி எழுதிப் போடுமன்" என்றேன். "முதல்ல அவர் எழுதட்டும்" என்றாள். சல்லிப் பிடிவாதம் கடல்போல; குறுக்கே நின்று பிரயோசனமில்லை.

பெருவிரல் வேண்டாத ஒரு வழி இருக்கிறது என்று சுதன் சொன்னான். பழைய காலத்துக் கேம் மெஷின்களில் இருந்தது மாதிரி, ஒரு பலகைப் பெட்டி. இடது கையில் குமிழ் வைத்த ஸ்டிக், வலது கையின் மற்ற விரல்களால் தட்டப் பெரிய பட்டன்கள். ஒரே ஒரு சிக்கல். அண்ணன் ஒரு கிழமை கறுப்புப் பெட்டியில் வருவார், இன்னொரு கிழமை வெள்ளைப் பெட்டியில், மனம் வந்தால் சின்னப் பெட்டியில். கேம் ஓடுகிற இந்த மூன்று பெட்டிகளும் மூன்று கம்பனிகளின் சாமான்கள். ஒன்றின் கன்ட்ரோலர் மற்றதுக்குச் சரிவராது. ஆகவே மூன்றுக்கும் வேலை செய்கிற ஒரே ஸ்டிக் வேண்டும்.

நானா ஒப்புக்கொண்டார். மூன்று பெட்டிகளின் பழைய கன்ட்ரோலர்களையும் உடைத்து உள்ளே இருந்த சர்க்கியூட் பலகைகளை எடுத்தார். ஒவ்வொரு பட்டனிலிருந்தும் மூன்று வயர். எந்தப் பெட்டி என்று தெரிவுசெய்ய ஒரு திருகு சுவிட்ச். அத்தனை வயரும் ஒரே மஞ்சள் நிறம். "நானா, பிறகு எது எதெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்தானே" என்றார். பட்டன்களில் எழுத்து ஒட்டலாம் என்று சுதன் சொன்னான். பார்த்தால், கறுப்புப் பெட்டியில் X கீழே இருக்கிறது, வெள்ளையில் இடது பக்கம், சின்னதில் மேலே. எனக்குத் தலை சுற்றியது. நானாவோ எழுத்தே வேண்டாமென்று தள்ளிவிட்டு, 'சின்னக் குத்து', 'பெரிய குத்து', 'உதை' என்று பெயின்றால் எழுதினார்.

முதல் நாள் கறுப்புப் பெட்டியில் போட்டோம். அருமை! மலர் மேலே தள்ளினாள், ஆள் பாய்ந்தான். கீழே இழுத்தாள், குந்தினான். நான் கைதட்டினேன். பிறகு சின்னப் பெட்டிக்குப் போனோம். அங்கேதான் உலகம் புரண்டது.

"நானா, மேல தள்ளுறன், பாயாமல் நடந்து போறான்!"

"கடல் பக்கம் தள்ளினா கடல் பக்கம்தானே போவான் புள்ள. பாயணும்டா நிலாவெளிப் பக்கம் தள்ளு."

"நிலாவெளி எங்கால?"

"இந்தா, உன்ட இடக் கைப் பக்கம்."

பிறகுதான் விளங்கியது. சுதனின் கடையில் மூன்று டிவியும் மூன்று சுவரில். கறுப்புப் பெட்டி வடக்குச் சுவர், சின்னது கிழக்கு, வெள்ளை தெற்கு. மனுசன் திசைகாட்டியை வைத்து, ஒவ்வொரு சுவருக்கும் ஏற்ற மாதிரி வயரை மாற்றிப் பூட்டியிருக்கிறார். எந்தச் சுவரைப் பார்த்து இருந்தாலும் மேலே என்றால் வடக்கு. அதுதான் நியாயம் என்பது அவர் கட்சி.

தெற்குச் சுவரில் நான் இருந்து பார்த்தேன். அங்கே பாய வேண்டுமென்றால் ஸ்டிக்கை என் வயிற்றுப் பக்கம் இழுக்க வேண்டும். "நிலாவெளி, நிலாவெளி" என்று சொல்லிக்கொண்டே முன்னால் தள்ளினேன். என் ஆள் மூதூரில் குந்தியிருந்து அடி வாங்கினான். சுதன் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான்: கதிரையை வடக்குப் பக்கம் திருப்பிப்போட்டு, கழுத்தை மட்டும் டிவிக்குத் திருப்பி விளையாடினான். நன்றாகத்தான் வேலை செய்தது. கழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் எண்ணெய் பூசினான்.

"மாத்தித் தாங்கோ நானா" என்று கெஞ்சினோம்.

"வடக்க மாத்த நான் ஆரு?" என்றார்.

கடைசியில் மலர் அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். "நானா, வள்ளத்தில சிவப்பு லைற் எந்தப் பக்கம் பூட்டுவீங்கள்?"

"இடப் பக்கம். வலப் பக்கம் பச்சை. இதென்ன கேள்வி?"

"வள்ளம் மூதூர்ப் பக்கம் திரும்பினால் கழட்டி மாத்திப் பூட்டுவீங்களோ?"

"விசரா எனக்கு? வள்ளம் எங்கால திரும்பினாலும் அணியத்தப் பாத்து நிண்டா சிவப்பு இடப் பக்கம்தான்."

"டிவிதான் நானா எனக்கு அணியம்."

அணியம் என்றால் வள்ளத்தின் முன்பக்கம். நானா திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். அதை ஒருமுறை தட்டியும் பார்த்தார். பிறகு ஸ்டிக்கைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயையும் வைத்துவிட்டு, போய்வாறன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். "முடிஞ்சுது" என்றான் சுதன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது நானா எங்களுக்கு முதலே வந்திருந்தார். ஸ்டிக் பெட்டியின் முன்பக்கத்தைக் மரம் அறுக்கும் வாளால் கூராக அரிந்திருந்தார். இடது பக்கம் குட்டிச் சிவப்பு லைற், வலது பக்கம் பச்சை. எரிந்துகொண்டும் இருந்தன.

"இப்ப இது வள்ளம். வள்ளத்துக்கு அணியம்தான் கணக்கு."

"அப்ப வடக்கு, நானா?" என்றேன்.

"அது அங்கனயே கிடக்கட்டும்" என்றார். சொல்லும்போது முகம் வாடித்தான் இருந்தது.

ஆனால் அண்ணனின் அழைப்பு நின்று சில கிழமைகள் ஆகியிருந்தன. எதில் வருவார், வருவாரா என்றே தெரியாது. "மூணையும் போடு. எதிலயாவது வருவான்" என்றார் நானா. மூன்று டிவியும் எரிந்தன. நான் ஒரு சுவர், சுதன் ஒரு சுவர், நானா ஒரு சுவர். மலர் நடுவில் அந்த வள்ளத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நேரம் போனது. சுதன் கடலை வாங்கிவந்தான். அதுவும் முடிந்தது. இனி வரமாட்டார் என்று எனக்குப் பட்டது. அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"வந்துட்டான்! கடல் பக்கம்!" என்று நானா கத்தினார். சின்னப் பெட்டி. அவர் சுவிட்சைத் திருக, மலர் கதிரையோடு திரும்பினாள். முதல் சுற்றில் தோற்றாள். இரண்டாவதில் மேலே தள்ளினாள், ஆள் மேலே பாய்ந்தான், அண்ணனின் ஆள் மல்லாக்க விழுந்தான். மூன்றாம் சுற்றின் நடுவில் எதிரி அப்படியே நின்றுவிட்டான். டிவியில் கரகரவென்று ஒரு சத்தம்; அண்ணன் மைக்கைத் திறந்திருந்தார்.

"மலர், கையில என்ன? உன்ர அடி முந்தி மாதிரி இல்லை."

மலர் மைக்கைத் திறக்க இடத்தைத் தேடினாள். சுதன்தான் திறந்துவிட்டான்.

"பெருவிரல் ஏலாது அண்ணா" என்றாள். அதற்குமேல் சொல்ல முடியாமல் ஸ்டிக்கின் மேல் குனிந்து அழத் தொடங்கினாள். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

நானா பதறிப்போனார். அவளையும் பார்த்தார், டிவியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவளுடைய கதிரைக்குக் கீழே தவழ்ந்து போனார்.

"அழாத புள்ள. வயர்ல பிழை போல. நான் இப்ப சரிப்பண்ணித் தாறன்."

பிழை ஒன்றும் இல்லை நானா என்று நான் சொல்லவில்லை; குனிந்து அவருக்குப் போன் வெளிச்சம் பிடித்தேன். அந்த மனுசனில் எனக்கு அவ்வளவு விருப்பம்.