ஆறுமுகம் மாமா இறந்த ஞாயிற்றுக்கிழமை

நான் ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறேன். அவர் நேற்றுகூட எங்கள் வீட்டுக்கு வந்து, ரசத்தில் உப்பு போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். பெயர் ஆறுமுகம். என் அம்மாவின் அண்ணன். செம்பனை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல காரியத்துக்காகத்தான் அவரைக் கொன்றேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (கொலைகாரர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்களாம்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. டிப்ளோமா முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் மலாக்கா மெர்லிமாவில் சும்மா கிடந்தேன். பக்கத்துத் தெரு டயாலிசிஸ் மையத்தில் தொண்டூழியத்துக்கு ஆள் தேடினார்கள், போய்ச் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை உள்ள பெண்பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். உண்மை என்னவென்றால், எங்கள் வீட்டு மின்விசிறி கெட்டுப்போயிருந்தது. மையத்தில் ஏர்கோன் இருந்தது. மைலோவும் இலவசம்.

செம்பனைத் தோட்டங்களிலிருந்து நோயாளிகளைக் கூட்டிவர மையத்தில் ஒரு வேன் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஓட வேண்டிய அந்த வேன், மூன்று நாளும் எங்காவது நின்றுவிடும். புது வேனுக்கு நன்கொடை திரட்ட வேண்டும் என்று மையத்தின் தலைவர் நடராஜன் அண்ணன் முடிவு செய்தார். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கோலாலம்பூரிலிருந்து ஓர் அம்மையாரையும் வரவழைத்தார்.

"யாரும் வேனுக்காகக் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்காகத்தான் கொடுப்பார்கள். இந்த வேலைக்கு நீங்கள் ஏன் வந்தீர்கள்? மனதிலிருந்து சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மையார்.

ஒருவர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லி அழுதார். இன்னொருவர் மனைவியைப் பற்றிச் சொன்னார், மண்டபமே அழுதது. டிஷ்யூ பெட்டி கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் எருமை மாதிரி ஆரோக்கியம். என் அப்பாவுக்குச் சளி பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை. ஏர்கோனுக்காக வந்தேன் என்று அந்த அழுகைக்கு நடுவில் எப்படிச் சொல்வது? (வேன் வேண்டும் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது அதைவிட வெட்கக்கேடு என்பதால் அதை நான் நினைக்கவே இல்லை.)

அவரவர் கதையை வீட்டில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கைப்பேசியில் இருந்த குடும்பப் படங்களைப் புரட்டினேன். எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சோகமாக இருந்தது ஆறுமுகம் மாமா ஒருவர்தான். (ஒரு கல்யாணத்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் தீர்ந்துபோனபோது எடுத்த படம்.) அவ்வளவுதான், கதை தானாக வந்துவிட்டது. அந்தப் படத்தைக் காட்டி, வேன் வராததால் டயாலிசிஸுக்குப் போக முடியாமல் எங்கள் மாமா எங்களை விட்டுப் போய்விட்டார் என்று தழுதழுத்தேன். என் நடிப்பில் நானே மயங்கிக் கடைசியில் நிஜமாகவே அழுதுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வீடியோவைப் போட்டேன்.

எப்போது செத்தார் என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். (அவர் சாகவே இல்லை என்பது அப்போது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தது.)

எங்கள் தோட்டத்து ஆட்கள் சாவு வீட்டு விஷயத்தில் கேள்வி கேட்க மாட்டார்கள். எப்படி, எப்போது என்பதெல்லாம் பிறகு. முதலில் கெமா போய்விடும். கெமா என்றால் வாசலில் போடுகிற கூடாரம். அதோடு பிளாஸ்டிக் நாற்காலிகள், தேவாரம் போட ஒலிபெருக்கி, மைக். தோட்டத்தை விட்டு, வரிசை வீடுகள் கட்டிய தாமான்களுக்குக் குடிவந்த பிறகும் இந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாராம். கெமா லாரி வந்து நின்றது.

"எந்த வீடு தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.

"இந்த லைன்தான் அங்கிள். நம்பர் சரியா தெரியல."

"பரவால்ல லா. இங்க நடுவுல போடு, எல்லாருக்கும் வசதியா இருக்கும்."

சொன்னதோடு விட்டாரா? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கம்பைப் பிடித்தார். வெயில் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார். தன் சாவுக்கு இவ்வளவு உழைத்த மனிதர் மலாக்காவில் வேறு யாரும் இருக்க முடியாது.

அவர் பின்பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, மாமாவின் மனைவி சந்திரா அத்தை பாசாரிலிருந்து மீன் பையோடு வந்து இறங்கியிருக்கிறார். கூட்டமாக நின்ற பெண்கள் அத்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ, அத்தையும் சேர்ந்து அழுதார். பத்து நிமிடம் அழுதாராம், யாருக்காக என்று தெரியாமலே. "அழுவுறவங்ககிட்ட போயி யாரு செத்தான்னு கேக்குறது மரியாதையா?" என்று இன்றுவரை வாதாடுகிறார்.

"அங்கிள், இந்தப் படத்த பெருசு பண்ணி எங்க வைக்கிறது?" என்று கெமாக்காரத் தம்பி கைப்பேசியை நீட்டினான். மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"டேய், இது நாந்தானடா!"

தம்பி கம்பை விட்டுவிட்டான். கெமாவின் ஒரு பக்கம் சரிந்து துக்கத்துக்கு வந்தவர்கள்மேல் விழுந்தது. தவழ்ந்து வெளியே வந்தவர்கள் முதலில் பார்த்தது, இடுப்பில் கைவைத்து நின்ற மாமாவை. செர்காமிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த மாலையை மாமா கையிலேயே கொடுத்துவிட்டுத் தன் காடியை (காரைத்தான் சொல்கிறேன்) நோக்கி ஓடினார்.

அம்மா போனில் கத்தியதைக் கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது கெமாவை மறுபடி நிமிர்த்தியிருந்தார்கள். எல்லாரும் நாற்காலிகளில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். நடராஜன் அண்ணன் தலையில் கைவைத்திருந்தார்.

"போச்சு தேவி. பொய் சொல்லிக் காசு கேட்டோம்னு பேராயிருச்சு. இனி யாரு ஒரு வெள்ளி குடுப்பா? வேன் போச்சு."

இரண்டாவது வரிசையில் லெட்சுமி அக்கா உட்கார்ந்திருந்தார். தோட்டத்திலிருந்து டயாலிசிஸுக்கு வருகிறவர். அந்த வேனை நம்பித்தான் அவர் வாழ்க்கை ஓடியது. யாருடைய காடியிலோ தொற்றிக்கொண்டு என் மாமாவுக்காகத் துக்கம் கேட்க வந்திருந்தார். அந்தக் கெமாவுக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது என்றால், அவரைப் பார்த்த நிமிடமே நான் தயாராக இருந்தேன்.

மாமா மைக்கை என் கையில் திணித்தார். "என்னைய எதுக்குக் கொன்ன? உண்மையச் சொல்லு."

"ஏர்கோனுக்காகத்தான் மையத்துக்குப் போனேன் மாமா" என்றேன். ஒலிபெருக்கியில் அது தாமான் முழுக்கக் கேட்டது. பிறகு, நினைக்கக்கூடாது என்று வைத்திருந்த காரணமும் வாயில் வந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் வேன் வழியில் நின்றுவிட, லெட்சுமி அக்காவை என் மோட்டாரில் ஏற்றிவர என்னை அனுப்பினார்கள். கால் வீங்கி, மூச்சு வாங்கியபடி ஏறினார். விழுந்துவிடக் கூடாதென்று என் துப்பட்டாவால் அவரை என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். செம்மண் சாலையில் பாதி தூரம் வந்தபோது அவர் தலை என் முதுகில் சாய்ந்தது. பேச்சில்லை. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். வண்டியை நிறுத்தப் பயம், திரும்பிப் பார்க்கப் பயம். ஐயோ அக்கா, அக்கா என்று ஊளையிட்டுக்கொண்டே மையம்வரை ஓட்டினேன்.

"அதான் மாமா. எனக்குச் சேவையெல்லாம் தெரியாது. அவங்கள மறுபடி என் மோட்டார்ல ஏத்தச் சொல்லிருவாங்களோன்னு பயம். வேன் இல்லாட்டி என்னையத்தான் கூப்புடுவாங்க. என்னால முடியாது."

லெட்சுமி அக்கா கையை நீட்டி மைக்கை வாங்கினார்.

"நான் செத்தெல்லாம் போகல. அசந்து தூங்குனேன். இவ போட்ட கூச்சல்ல முழிச்சவதான், அதுக்கப்புறம் ரெண்டு நாளு தூக்கமே இல்ல. எனக்கும் பயந்தான். தயவுசெஞ்சு வேன் வாங்கிக் குடுத்துருங்க, இந்தப் புள்ளயோட மோட்டார்ல மறுபடி ஏற முடியாது."

முதலில் சிரித்தது மாமா. அப்புறம் கெமாவே குலுங்கியது. மாமா கழுத்தில் அந்த மாலையைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "என் சாவுக்குன்னு எடுத்துட்டு வந்த காச யாரும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகாதீங்க. வேனுக்குப் போட்டுட்டுப் போங்க" என்றார். போட்டார்கள். செர்காமுக்கு ஓடியவர்கூட மறுநாள் அனுப்பிவைத்தார்.

சில மாதங்களில் வேன் வந்தது. யார் ஓட்டுவது என்ற பேச்சு எழுந்தபோது மாமா சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "என் உயிரக் குடுத்து வாங்குன வேன். கண்டவன் கையில குடுக்க முடியாது" என்றார். ஒவ்வொரு வருடமும் அந்த ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு நான் தெவசம் வைக்க வேண்டும் என்பது தண்டனை. இலை போட்டு ஆட்டிறைச்சிப் பிரட்டல் படைப்பேன். படையலுக்கு எதிரில் அவரே உட்கார்ந்து, காரம் கம்மி என்பார்.

எனக்கு இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது, வீட்டிலும் ஏர்கோன் போட்டாயிற்று. ஆனால் மையத்தின் தொலைபேசி சனிக்கிழமைகளில் இன்னும் என்னிடம்தான். காலையில் முதல் அழைப்பு தோட்டத்திலிருந்து லெட்சுமி அக்காவுடையதாக இருக்கும்.

"பாப்பா, செத்துப்போனவரு கெளம்பிட்டாரா? எனக்கு நேரமாவுது."