கடைசி விரற்கடை ரேன்ச்

ஒரு மாவட்டம் ஒழுங்காக நடக்கச் சாலை வேண்டும், வரி வேண்டும், சிறைச்சாலை வேண்டும், ஆண்டுக்கொரு முறை ஊழியர் விருந்து வேண்டும். அயோவா மாநிலத்தின் டோவர்சன் மாவட்டத்தில் முதல் மூன்றும் சுமார்தான். ஆகவே நான்காவதில் பிசகு நேர்ந்துவிடக் கூடாது என்பதில் நிர்வாகம் மிகுந்த விழிப்போடு இருந்தது.

ஆகஸ்டு மாதம் கண்காட்சித் திடலின் கொட்டகையில் விருந்து நடக்கும். வாட்டிய பன்றிக்கறி, அவித்த சோளம், அண்டா அண்டாவாகச் சாலட். சாலட்டின் மேல் ஊற்ற ரேன்ச். மோரும் முட்டைக் குழைசலும் பூண்டும் சேர்ந்த கெட்டியான வெள்ளைச் சாறு அது. மோர்க்குழம்பு கூட்டிவிட்டு அடுப்பு மூட்ட மறந்துபோனால் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். சாலட்டுக்கு என்பது பெயரளவில்தான். அந்த ஊரில் கேரட்டுக்கு, கோழி வறுவலுக்கு, பீட்சாவுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். சாலைத் துறை லாரி ஓட்டும் வெர்ல் ஒருமுறை ஆப்பிள் பணியாரத்தின் மேல் அதை ஊற்றிச் சாப்பிட்டார். பார்த்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே யாரும் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. நிர்வாகத்தின் பெரிய தலைவலியே அதுதான்.

கடையில் ரேன்ச் எத்தனையோ வகை. ஆனால் விருந்துக்கு எப்போதும் நீலமூடி போட்ட ஜாடிதான் வரும். யாரும் அதைத் தேர்ந்தெடுத்ததில்லை. மழை வருவதுபோல அது வந்துகொண்டிருந்தது. போன வருடம் லோவல் என்ற கொள்முதல் அலுவலர், ஆரோக்கிய இயக்கம் ஒன்றின் சுற்றறிக்கையை நம்பிக் கொழுப்பு நீக்கிய ரேன்ச் வாங்கிவிட்டார். விருந்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பரவால்லயே லோவல், வித்தியாசமா இருக்கே!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை காலை லோவல் மாவட்டக் குப்பைக் கிடங்கின் எடைமேடைக்கு மாற்றப்பட்டார்.

அவருடைய நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர்தான் டெல்மர் ட்வீட்டன். பதவியின் பெயர் கொள்முதல் அலுவலர் (பொறுப்பு). அந்த அடைப்புக்குறி டெல்மரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. விருந்து புகாரில்லாமல் முடிந்தால் அடைப்புக்குறி நீங்கும், பதவி நிரந்தரம் என்று மாவட்ட வாரியத் தலைவர் ஸ்டென்ஸ்ரூட் வாக்குக் கொடுத்திருந்தார். இல்லாவிட்டால் எடைமேடையில் இன்னொரு முக்காலி போட இடம் இருப்பதாகவும் சொல்லியிருந்தார்.

டெல்மர் செய்ய வேண்டியது சுலபமான வேலை. கடைக்குப் போய் நீலமூடியை வாங்கி வந்தால் போதும். ஜூலையிலேயே போனார். தள்ளுவண்டியில் நீலமூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"டெல்மர், எங்க இருக்க?" தலைவரின் குரல்.

"கடையில சார். ரேன்ச் வாங்கறேன்."

"எதை வச்சு முடிவு பண்ணின?"

"எதை வச்சுன்னா... எப்பவும் வாங்கறது சார்."

"எல்லாத்தையும் கீழ வை. எப்பவும் வாங்கறதெல்லாம் போன தலைமுறை. நான் இப்பதான் மேற்குக் கடற்கரை மாநாட்டுலேருந்து வர்றேன். இனிமே சான்று இல்லாம சாலட் கிடையாது."

அலமாரி முழுக்க டெல்மரைப் பார்த்துச் சிரித்தது. வெண்ணெய்ப்பழ ரேன்ச், ஓட்ஸ் பால் ரேன்ச், குடலுக்கு நல்ல கிருமி உள்ள ரேன்ச், கெட்ட கிருமி இல்லாத ரேன்ச், காலிஃபிளவரை அரைத்துச் செய்த ரேன்ச். கடைசியில் ஒன்று, என்னென்ன இல்லை என்பதை மட்டும் சுற்றிலும் எழுதியிருந்த ரேன்ச். டெல்மர் நீலமூடிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்தார். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவர் முகம்போல இருந்தது அவர் முகம்.

அடுத்த வாரம் மேற்குக் கடற்கரையிலிருந்து காலிஸ்டா என்ற ஆலோசகர் வந்து இறங்கினார். அவர் காலணி தூக்கிப் போட்டால் மட்கி உரமாகிவிடும் கம்பளியால் ஆனது என்று பேசிக்கொண்டார்கள். வாரியத்தின் முன் அவர் சுருக்கமாகத்தான் பேசினார்.

"நீங்க ஜனங்களைக் கேக்கறீங்க. அதான் தப்பு. வாய் பொய் சொல்லும். கை பொய் சொல்லாது. அஞ்சு ஜாடி வைப்போம், பேர் தெரியாம. பக்கத்துல கேரட், செலரித் தண்டு. எந்த ஜாடி முதல்ல முழுசா தீருதோ அதுதான் மாவட்டத்தோட விருப்பம்."

வாரியம் அசந்துபோனது. "எந்த ஜாடி முதலில் முற்றாகத் தீர்கின்றதோ, அதுவே இம்மாவட்டத்தின் அதிகாரப்பூர்வ ரேன்ச் எனக் கொள்ளப்படும்" என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்த "முற்றாக" என்ற சொல்லைக் கேட்டபோது அங்கிருந்தவர்களுக்கு உறுத்தியது. ஆனால் ஆலோசகர் வெளியூர்க்காரர், விருந்தாளி. எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அந்த ஊரில் பாத்திரத்தில் இருக்கும் கடைசி வாயை யாரும் எடுக்கமாட்டார்கள். கேக்கில் கடைசித் துண்டைப் பாதியாக வெட்டுவார்கள், அந்தப் பாதியை இன்னொருவர் பாதியாக வெட்டுவார், கடைசியில் ஒரு பொருக்கு தட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும், அது காய்ந்துபோகும். ஸ்டென்ஸ்ரூடுக்கு முன்பு தலைவராக இருந்தவர் இருபது வருடம் பாலமும் மதகும் கட்டியவர். ஒரு சாவு வீட்டுச் சாப்பாட்டில் தட்டில் மிஞ்சியிருந்த கடைசி முட்டைப் பாதியை ஏதோ நினைப்பில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த தேர்தலில் அவருடைய மச்சான்கூட அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

ஓய்வறையில் ஜாடிகள் ஐந்தும் பழுப்புக் காகிதச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றன. சட்டைக்குள் மூன்றாம் ஜாடி நீலமூடி என்பது முதல் வாயிலேயே மொத்த அலுவலகத்துக்கும் தெரிந்துவிட்டது. முற்பகலுக்குள் அது அடியில் ஒரு விரற்கடைக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

பிற்பகல் டெல்மர் போய்ப் பார்த்தபோது ஜாடியின் இந்தப் பக்கம் வெர்லும் அந்தப் பக்கம் பத்திரப்பதிவு ஆர்டிஸும் கையில் கேரட்டோடு நின்றிருந்தார்கள். ஆர்டிஸ் அந்த அலுவலகத்தின் மூத்த ஊழியர், எல்லாரையும் கண்ணு என்று கூப்பிடுகிறவர்.

"நீங்க எடுங்க ஆர்டிஸ்."

"ஐயே, நான் இப்பதான் வயிறு முட்ட சாப்பிட்டேன். நீங்க எடுங்க வெர்ல்."

"எனக்கா? நான் கேரட்டே தின்னமாட்டேன். சும்மா கையில வச்சிருக்கேன்."

"அப்ப டெல்மர் கண்ணு எடுக்கட்டும்."

"இல்லல்ல," என்றார் டெல்மர் பதறிப்போய். "நான் தண்ணி குடிக்க வந்தேன்."

மூன்றாம் ஜாடியைப் பிறருக்காக விட்டுவைக்கும் பெருந்தன்மையில் ஜனங்கள் மற்ற ஜாடிகளைச் சாப்பிட ஆரம்பித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். வாரக் கடைசியில் ஐந்து ஜாடிகளிலும் சரியாக ஒரு விரற்கடை மிஞ்சியிருந்தது. காலிஸ்டா வரைபடம் போட்டுப் பார்த்தார். ஐந்து கோடுகளும் மலைச்சரிவாக இறங்கி, ஒரே உயரத்தில் படுத்துவிட்டிருந்தன. இதுபோல ஒரு மக்கள் கூட்டத்தைத் தன் தொழிலில் கண்டதில்லை என்று அவர் தலைவரிடம் சொன்னார். தலைவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

விருந்து நெருங்கியது. ஸ்டென்ஸ்ரூட் அவசரக் கூட்டம் போட்டார்.

"யாராவது ஒருத்தர் ஒரு ஜாடியை முடிச்சுத் தொலைங்களேன்! வெர்ல், இது ஆணை. போய் முடி."

வெர்ல் தொப்பியைக் கழற்றினார். "ஆணைன்னா முடிச்சிடறேன் சார். ஆனா தலைவர் இருக்கும்போது நான் முந்திக்கறது நல்லா இருக்காது. நீங்க ஒரு வாய் எடுத்துட்டு..."

ஸ்டென்ஸ்ரூடுக்கு அந்த முட்டைப் பாதி ஞாபகம் வந்தது. "இந்த விஷயத்தைத் துணைக்குழு பரிசீலிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்.

டெல்மருக்குப் பொறுக்கவில்லை. ரேன்ச் முடிவாகாவிட்டால் விருந்தில் ரேன்ச் கிடையாது. ரேன்ச் இல்லாத விருந்துக்குப் பிறகு அயோவாவில் டெல்மருக்கு எடைமேடையில்கூட இடம் இருக்காது. மறுநாள் யாரும் வருமுன் அலுவலகத்துக்குப் போனார். கையில் ஒரு கேரட். ஓய்வறைக் கதவைச் சாத்திவிட்டு மூன்றாம் ஜாடியைத் திறந்தார். ஒரே முக்கு. பதவி நிரந்தரம். கேரட்டை உள்ளே விட்டார். செத்துப்போன அவருடைய அம்மா ஜாடிக்குள்ளிருந்து அவரைப் பார்ப்பதுபோல இருந்தது.

கதவு திறந்தது. ஆர்டிஸ். அவர் கையில் ஒரு செலரித் தண்டு.

"நான் சும்மா பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார் டெல்மர்.

"நானும் பார்க்கத்தான் வந்தேன் கண்ணு." ஆர்டிஸ் தண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார். "நிஜத்தைச் சொல்றேன். உனக்காக முடிச்சிடலாம்னு வந்தேன். எனக்கென்ன, ரிட்டயர் ஆகப்போறவ. ஊர் ஏசினா ஏசட்டும்."

டெல்மர் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப நீங்களே எடுங்க."

"நீ கேரட்டை உள்ள விட்டுட்டியே. நீயே எடு."

"உங்களுக்குப் பிடிக்குமே."

"உனக்கும்தான் பிடிக்கும்."

"சரி, நீங்க பாதி எடுங்க."

ஆர்டிஸ் பாதி எடுத்தார். டெல்மர் மிச்சத்தில் பாதி எடுத்தார். ஆர்டிஸ் அதில் பாதி எடுத்தார். ஜாடியில் இன்னும் ஒரு பொட்டு இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரத்தில் காலிஸ்டா உள்ளே வந்தார். மூக்கைச் சுளித்தார். நேராக ஐந்தாம் ஜாடியைத் திறந்து முகர்ந்து, "ஐயோ, ஊசிப்போச்சு!" என்று சொல்லி அதைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார், குழாயைத் திறந்து அலசினார், துடைத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். கொஞ்சமும் தயக்கமில்லை. மேற்குக் கடற்கரையில் வளர்ந்தவர்.

ஸ்டென்ஸ்ரூட் காப்பி எடுக்க வந்தவர் கவிழ்ந்த ஜாடியைப் பார்த்தார்.

"அஞ்சாம் ஜாடி காலி! முடிஞ்சுது! நம்ம மாவட்டம் பேசிடுச்சு!"

"சார், அது காலிஃபிளவர் ரேன்ச். நாத்தம் தாங்காம நான்தான் தொட்டில கொட்டினேன். யாரும் சாப்பிடல," என்றார் காலிஸ்டா.

"முற்றாகத் தீர்ந்துச்சா, இல்லையா?"

"தீர்ந்துச்சு. ஆனா..."

"தீர்மானத்துல சாப்பிடணும்னு எங்க இருக்கு? தீரணும்னுதான் இருக்கு. நீங்க சொன்ன வாசகம்தானே அம்மா அது?"

"தொட்டி குடிச்சதெல்லாம் கணக்குல வருமா சார்?" என்று ஆர்டிஸ் மெல்லக் கேட்டார்.

"தொட்டி யாருது? மாவட்டத்துது. நம்ம சொத்துக்கு ஒரு விருப்பம் இருக்கக் கூடாதா?"

காலிஸ்டா சிறிது யோசித்தார். அன்று மாலை அவருக்கு விமானம். அறிக்கையில் "மனிதரல்லாத பங்கேற்பாளர் ஒருவரின் ஐயத்திற்கிடமற்ற தேர்வு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்.

விருந்து நாளில் கொட்டகை நிறைந்திருந்தது. மேசைக்கு மேசை காலிஃபிளவர் ரேன்ச் வாளி. டெல்மர் வாசலருகே ஒரு நீள மேசையின் முனையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் தாராளமாக ஊற்றிக்கொண்டார்கள். எல்லாரும் ஒரு வாய் வைத்தார்கள். பிறகு வெர்ல் அதே மேசையின் நடுவிலிருந்து கை ஆட்டி உரக்கச் சொன்னார்:

"டெல்மர்! பரவால்லயே! வித்தியாசமா இருக்கே!"

டெல்மரின் கையிலிருந்து முட்கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். மேசைத் துணி தரைவரை தொங்கியது. துணியை விலக்கி உள்ளே தலையை விட்டவர் அப்படியே உறைந்துபோனார்.

மேசைக்கு அடியில், முழங்கால்களுக்கு நடுவே, வரிசையாக நீலமூடிகள். ஆர்டிஸின் கைப்பையிலிருந்து ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. வெர்லின் கருவிப் பெட்டியில் இரண்டு. தட்டுகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின, காலிஃபிளவர் காகிதக் குவளைக்குள் வழித்து விடப்பட்டது, நீலமூடி திருகப்பட்டது, தட்டுகள் மேலே போயின. ஒவ்வொருவரும் தான் ஒருவர் மட்டும்தான் இந்தப் பாதகத்தைச் செய்வதாக நினைத்து, பக்கத்து முழங்காலுக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில், பளபளக்கும் கறுப்புக் காலணிகளுக்கு நடுவே ஒரு பெரிய நீலமூடி. அதைத் திறந்துகொண்டிருந்த கைக்குச் சொந்தக்காரர், நழுவிய மூடியை எடுக்கத் தானும் குனிந்தார்.

மேசைக்கு அடியில் வாரியத் தலைவரும் கொள்முதல் அலுவலரும் (பொறுப்பு) ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டெல்மரின் கோட்டுப் பையிலும் ஒரு நீலமூடி துருத்திக்கொண்டிருந்தது.

"டெல்மர்," என்றார் ஸ்டென்ஸ்ரூட், மேசைக்கு அடியிலேயே, மிக மரியாதையான குரலில். "இந்தத் தேர்வு சம்பந்தமா ஏதாவது புகார் உண்டா?"

டெல்மர் ஒரு நொடி வாயைத் திறந்தார். அடைப்புக்குறி கண்ணெதிரே ஆடியது.

"இல்லீங்க சார்."

"எனக்கும் இல்ல."

திங்கட்கிழமை டெல்மர் நிரந்தரமானார். வாளிகளில் கிட்டத்தட்ட எல்லாம் தீர்ந்து ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விரற்கடைதான் மிஞ்சியிருந்ததால், காலிஃபிளவர் ரேன்ச் வாங்கப் பத்தாண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. அளவு இரட்டிப்பாக்கப்பட்டது. மாவட்டக் கடைகளில் நீலமூடிக்குத் திடீரென்று தட்டுப்பாடு வந்த காரணத்தை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர்: டெல்மர் ட்வீட்டன்.

அன்று பிற்பகல் எடைமேடையிலிருந்து லோவல் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வாழ்த்துகள் டெல்மர். விருந்துக் குப்பை வந்து சேர்ந்துச்சு. குவளை குவளையா வெள்ளையா என்னமோ இருக்கே, என்ன அது?"

"அதிகாரப்பூர்வ ரேன்ச்."

"அப்படியா. இங்க இருக்கற காக்கா எல்லாம் டயரையே கொத்தித் தின்னுறதுங்க. இன்னிக்கு ஒண்ணுகூடக் கிட்ட வரல. வேலிமேல வரிசையா உக்காந்துக்கிட்டுக் கத்துது. காது கிழியுது."

டெல்மர் தன் நிரந்தர நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஜன்னலைத் திறந்தார். உண்மைதான். இரண்டு மைல் தள்ளியும் கேட்டது. டோவர்சன் மாவட்டத்தின் வரலாற்றிலேயே முதன்முதலாக யாரோ வாய்விட்டுப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவற்றுக்கு ஓட்டு இல்லை என்பதால் ஜன்னலைச் சாத்தினார்.