கம்பளி சுற்றிய மணி

பிரெஞ்சு நாட்டுக்கு வடக்கே, வரைபடம் எழுதியவர்கள் மறந்துபோன ஒரு மூலையில், வால்பிரே என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அந்நாட்டு மக்கள் நன்றி மறவாதவர்கள். மழை பெய்தால் அரசருக்கு நன்றி சொல்வார்கள். பெய்யாவிட்டால், வெள்ளத்திலிருந்து காத்ததற்காகச் சொல்வார்கள். மாலைதோறும் சதுக்கத்தில் மண்டியிட்டு நன்றி சொல்வது அங்கே சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பார்கள், அவ்வளவு நல்ல ஜனங்கள்.

பகை நாட்டோடு போர் மும்முரமாக நடந்த சமயத்தில், அரசர் கோதிரானுக்குத் தம் உடம்பு கண்ணாடியாகிவிட்டதென்று தோன்றிவிட்டது. உரத்த சத்தம் கேட்டால் விரிசல் விழுமாம். அரண்மனை வைத்தியர் மறுத்திருக்கலாம். ஆனால் அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.

முதல் ஆணை, மணிகளின் நாக்குக்கெல்லாம் கம்பளி சுற்றவேண்டும் என்பது. அடுத்தது, வாளோடு வாள் மோதாமல் படைவீரர்கள் போரிடவேண்டும் என்பது. அப்படிப் போரிட்டவர்கள் யாரும் திரும்பவில்லை. அவர்களுக்காக அழுதவர்கள் முணுமுணுப்பாக அழுதார்கள். அரண்மனைச் சுவர்களைச் சுற்றவென்று வீட்டுக் கம்பளியெல்லாம் போனபோது, குளிரில் நடுங்கினால் சத்தம் வராது என்பதற்காக ஜனங்கள் நன்றி சொன்னார்கள்.

பெரின் என்ற விதவைதான் ஆற்றுப் பாலத்தருகே இருந்த மணிக்கூண்டில் மணியடிப்பவள். எதிரிக் குதிரைகள் கண்ணில் பட்டால் அடிப்பாள். அக்கரையில் ஆடு மேய்ப்பவர்கள் ஓடிவந்து சேர்ந்ததும் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள். அவளுடைய ஒரே மகள் ஆலிசோன் மேய்ப்பதும் அக்கரையில்தான். இக்கரைப் புல்லைப் படைக்குதிரைகள் என்றோ மேய்ந்து தீர்த்துவிட்டன.

பெரின் அமைதித் துறை அமைச்சர் ஓடோனிடம் போய் முறையிட்டாள்.

"கம்பளி சுற்றிய மணியும் மணிதான், அம்மணி," என்றார் அவர். "கூர்ந்து கேட்பது குடிமக்களின் கடமை."

அவள் அவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

இலையுதிர்காலத்தில் ஒரு பிற்பகல், அக்கரை மேட்டில் புழுதி எழும்பியது. பெரின் கயிற்றை இழுத்தாள். தொப், தொப் என்று தலையணையை அடிப்பதுபோலக் கேட்டது. ஓர் ஆடுகூடத் திரும்பவில்லை. ஆலிசோன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரின் கூண்டின் உச்சிக்கு ஏறிக் கம்பளியைக் கத்தியால் கிழித்தெறிந்தாள். இறங்கி வந்து, தோள் கழன்றுவிடும்போல இழுத்தாள்.

மேய்ப்பவர்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். கடைசியாக ஒரு குட்டியை அணைத்துக்கொண்டு ஆலிசோன் வந்தாள். பாலம் எழும்பியது. எதிரிக் குதிரைகள் கரையோடு நின்று திரும்பிப்போயின. பெரின் படியில் உட்கார்ந்து அழுதாள். கடவுளுக்கு நன்றி சொன்னாள், மணிக்குச் சொன்னாள், மகளுடைய கால்களுக்கும் சொன்னாள். அவள் வாழ்நாளில் யாரும் கேட்காமலே சொன்ன நன்றி அதுதான்.

அன்று மாலையே அவளை அரசவைக்கு இழுத்துப்போனார்கள். தூக்குக் கயிறு தயாராக இருந்தது. மணியோசை கேட்டுத் திடுக்கிட்ட அரசர் கட்டிலிலிருந்து கல்தரையில் விழுந்திருந்தார். நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

"நாம் உடையவில்லை," என்றார் அரசர், வெகுநேரம் யோசித்துவிட்டு. "ஆகவே நாம் இரும்பு."

"அடியேனுக்கு அது முதலிலேயே தெரியும், மன்னா," என்றார் ஓடோன்.

அமைதித் துறை அப்போதே ஓசைத் துறையாயிற்று. அமைச்சர் மாறவில்லை. இரும்பு துருப்பிடிக்குமாகையால் நாட்டில் விளக்கு எரிக்கும் எண்ணெய் முழுவதும் அரண்மனைக்குப் போயிற்று. இரும்புக்கு இரும்போசைதான் ஊட்டம் என்பதால், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எல்லா மணிகளும் ஓயாமல் ஒலிக்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. பெரினுக்கு மன்னிப்பும் பதவி உயர்வும் கிடைத்தன.

இருண்ட வீடுகளிலிருந்து ஜனங்கள் வந்து சதுக்கத்தில் மண்டியிட்டார்கள். இனி சத்தமாக நன்றி சொல்லலாமே என்று அவர்களுக்கு மகிழ்ச்சி. பெரினும் அரசருக்கு மனதார நன்றி சொன்னாள், விழுந்ததற்காக.

மறுநாள் காலையில் பட்டியைத் திறந்த ஆலிசோன், மணிக்கூண்டு வாசலில் நின்றாள்.

"இனிமே நாள் பூரா மணி அடிச்சுக்கிட்டே இருக்குமே. எதிரி வந்தா எனக்கு எப்படிம்மா தெரியும்?"

பெரின் அரண்மனைச் சாளரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"மணி நின்னா ஓடி வந்துடு."